கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நிலம் காட்டிய புரோக்கர் யாருடைய ஆள்?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பொள்ளாச்சிக்காரர். கேரளாவின் பாலக்காடு ஜில்லாவில் உள்ள கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தென்னை நிற்கிற 40 சென்ட் இடத்தை ஒரு புரோக்கர் காட்டினார். "வீடு கட்டலாம், ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார். 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்டும் போட்டாகிவிட்டது. கரம் (நிலவரி) கட்டிய ரசீதில் வகை 'நிலம்', அதாவது கேரளக் கணக்கில் வயல், என்று எழுதியிருப்பதும், அந்த சர்வே நம்பர் டேட்டா பேங்க் என்கிற நெல்வயல் பட்டியலில் இருப்பதும் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. ஓனர் கேட்ட விலை வேறு, உங்களிடம் சொன்ன விலை வேறு என்றும், இரண்டு பக்கமும் கமிஷன் பேசியிருக்கிறார் என்றும் காதில் விழுந்திருக்கிறது. "புரோக்கருக்குச் சட்டப்படி ஏதாவது பொறுப்பு உண்டா, இல்லை எல்லாம் வாங்குகிறவன் தலையில்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுப்பு உண்டு. அது எவ்வளவு, யாருக்கு என்பது அவர் யாருடைய ஆளாக வேலை பார்த்தார் என்பதைப் பொறுத்தது. அந்தக் கேள்வியை நீங்கள் இன்னும் கேட்கவில்லை. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் பாலக்காடு ஜில்லா சித்தூர் கோர்ட்டில் சிவில் வழக்கு நடத்துகிறவன். வேலந்தாவளம் முதல் கோவிந்தாபுரம் வரைக்கும் எல்லை ஓரத்து நிலத் தகராறுகள்தான் என் பிழைப்பில் பாதி. கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கமிருந்து வருகிற கட்சிக்காரர்களின் கதை பெரும்பாலும் உங்கள் கதையைப் போலத்தான் இருக்கும். ஆனாலும் உங்கள் அக்ரிமெண்டை நான் பார்க்கவில்லை, புரோக்கர் சொன்னதற்கு என்ன அத்தாட்சி இருக்கிறது என்றும் தெரியாது. எதை உறுதியாகச் சொல்கிறேன், எது வாதத்துக்கு உட்பட்டது என்று பிரித்தே சொல்கிறேன்.

எல்லோரும் முதலில் சொல்கிற பெயர் ரேரா. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் புரோக்கர்களையும் பிடித்துப் போட்டது என்பது உண்மை. பதிவு செய்யாத ஏஜெண்ட், பதிவான திட்டத்தில் ஒரு மனையைக்கூட விற்றுக் கொடுக்க முடியாது. பதிவு செய்த ஏஜெண்டும், பதிவாகாத திட்டத்தின் மனையைக் கை காட்டக் கூடாது. கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும், இல்லாத அனுமதியை இருக்கிறது என்று சொல்லக் கூடாது, வாங்குகிறவருக்குச் சேர வேண்டிய விவரங்களும் காகிதங்களும் புக்கிங் சமயத்திலேயே கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய், மொத்தத்தில் அந்த மனை விலையின் 5 சதவீதம் வரை அபராதம். பதிவும் மாநிலத்துக்கு மாநிலம் தனி. சென்னையில் இருக்கிற தமிழ்நாடு ரேராவில் பதிந்த ஏஜெண்ட் அந்த நம்பரைக் காட்டி வாளையாருக்கு இந்தப் பக்கம் கேரளத் திட்டத்தை விற்க முடியாது. அதற்குக் கேரள ரேராவின் பதிவு வேண்டும்.

இதெல்லாம் உங்களுக்கு உதவுமா என்றால், அனேகமாக உதவாது. அந்தச் சட்டத்தின் பிடி 'திட்டம்' என்பதில்தான். 500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 12 சென்ட்டுக்கு மேல் உள்ள இடத்தை மனைகளாகப் பிரித்து விற்றாலோ, 8 வீட்டுக்கு மேல் கட்டி விற்றாலோதான் பதிவு கட்டாயம். ஒரு விவசாயி தன் 40 சென்ட்டை ஒரே ஆளுக்குக் கிரயம் செய்து கொடுப்பது திட்டம் ஆகாது, அதைப் பேசி முடித்த புரோக்கருக்கு ரேரா பதிவும் தேவையில்லை. இங்கே ஒரு விஷயத்தை மட்டும் விசாரித்துப் பாருங்கள். உங்கள் 40 சென்ட், பெரிய தோப்பு ஒன்றை வழி விட்டுத் துண்டு போட்டு விற்கிறதில் ஒரு துண்டா? அப்படியானால் கதை மாறும். அந்த விற்பனைக்கே பதிவு வேண்டியிருக்கும், புரோக்கர் மீதும் கேரள ரேராவில் புகார் போட இடம் இருக்கும். எல்லையோரத்தில் இப்படித் தோப்பைத் துண்டு போடுவதை "தோட்டமாகவே விற்கிறோம், லேஅவுட் இல்லை" என்று சொல்லிச் சமாளிப்பது வழக்கம். அந்தச் சமாளிப்பு எவ்வளவு தூரம் நிற்கும் என்பது துண்டுகளின் அளவு, ரோடு, விளம்பரம் எல்லாவற்றையும் வைத்து முடிவாகிற விஷயம்.

ரேரா இல்லை என்றதும் சட்டமே இல்லை என்று பலர் கை விட்டுவிடுகிறார்கள். ஆனால் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. அதில் ஏஜென்சி பற்றி ஒரு முழு அத்தியாயமே உண்டு. ஒருவர் இன்னொருவருக்காக மூன்றாம் ஆளிடம் பேசி வேலை முடித்துக் கொடுத்தால் அவர் ஏஜெண்ட். எழுத்து வேண்டும் என்றில்லை, சம்பளம்கூட வேண்டும் என்றில்லை. தன்னை அனுப்பியவர் சொன்னபடி ஏஜெண்ட் நடக்க வேண்டும், அந்தத் தொழிலில் உள்ளவருக்கு இருக்க வேண்டிய திறமையையும் கவனத்தையும் காட்ட வேண்டும், கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும். அனுப்பியவருக்குத் தெரியாமல் தன் சொந்த லாபத்துக்காக அதே வியாபாரத்தில் கை வைத்தால், அந்த லாபத்தைக் கேட்டு வாங்க அனுப்பியவருக்கு உரிமை உண்டு. இது 216-ஆம் பிரிவு. வேலையில் முறைகேடு செய்த ஏஜெண்டுக்கு, முறைகேடு செய்த அந்த வேலைக்கான கூலி கிடையாது. இது 220. ரேரா வருவதற்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதியவை இவை, இன்றைக்கும் கோர்ட்டில் செல்லும்.

இப்போது உங்கள் ஆள் விஷயம். அவரை அனுப்பியது யார்? நீங்கள் "எனக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு கட்ட 40, 50 சென்ட் பார்த்துக் கொடுங்கள்" என்று சொல்லி, கமிஷன் தருவதாகப் பேசி, அவர் தேடிக் கொண்டுவந்தார் என்றால் அவர் உங்கள் ஏஜெண்ட் என்று வாதாட நல்ல அடிப்படை இருக்கிறது. ஓனர் "வித்துக் கொடு" என்று ஒப்படைத்திருந்து, நீங்கள் போர்டில் நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டீர்கள் என்றால் அவர் ஓனருடைய ஆள். நிறைய பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். காரில் கூட்டிப் போய், டீ வாங்கிக் கொடுத்து, "நம்ம ஊர்க்காரர், உங்களுக்கு நஷ்டம் வர விடுவேனா" என்று தமிழில் பேசுகிறவர் தன்னுடைய ஆள் என்று நினைத்துவிடுகிறார்கள். கூடவே நடக்கிறார் என்பதால் ஒருவர் ஏஜெண்ட் ஆகிவிட மாட்டார். யாருடைய வேலையை ஏற்றுக்கொண்டார் என்பதைத்தான் சட்டம் பார்க்கும்.

இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவது தவறா என்றால், அதுவே தவறு இல்லை. நம் ஊரில் ஆளுக்கு ஒன்றோ இரண்டோ சதவீதம் என்பது நெடுநாள் வழக்கம், இப்படித் தனி நிலம் விற்பதற்குச் சட்டம் எந்த ரேட்டும் வைக்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்து, இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை. மறைத்து வாங்குவதுதான் பிரச்சினை. அதைவிட மோசமானது மேலே வைத்து விற்பது. "எனக்குச் சென்ட்டுக்கு இவ்வளவு வந்தால் போதும், மேலே வருவது உன்னுடையது" என்று ஓனர் சொல்லிவிடுவார். புரோக்கர் அந்த வித்தியாசத்தையும் எடுத்துக்கொண்டு, உங்களிடம் கமிஷனும் வாங்குவார். அவர் உங்கள் ஏஜெண்ட் என்று நிரூபிக்க முடிந்தால் அந்த வித்தியாசம் ரகசிய லாபம், திருப்பிக் கேட்கலாம். ஓனருடைய ஏஜெண்ட் என்றால், ஓனரே ஒத்துக்கொண்ட லாபம் என்பதால் அதைக் கேட்கும் வழி உங்களுக்குக் குறைவு. மேலே வருவதை எடுத்துக்கொள் என்று சொன்ன ஓனரும், எவ்வளவு மேலே போனது என்று தெரிந்ததும் ஆபீஸ் ஆபீஸாக ஏறுவார். அது வேறு கதை.

இதில் சந்தேகமான இடம் ஒன்று உண்டு. வெறுமனே இரண்டு பேரைச் சேர்த்து வைத்துவிட்டு விலகிக்கொள்கிற இடைத்தரகருக்கு ஏஜெண்டின் முழு விசுவாசக் கடமை உண்டா? "நான் ஆளைக் காட்டினேன், அவ்வளவுதான். விலையை அவர்களே பேசிக்கொண்டார்கள்" என்பது புரோக்கர்களின் வழக்கமான பதில். உண்மையிலேயே அப்படித்தான் நடந்தது என்றால் கோர்ட் அந்த வாதத்தைக் கேட்கும். உங்கள் விஷயத்தில் விலையை அவர் பேசினார், அக்ரிமெண்டுக்கு ஏற்பாடு செய்தார், கட்டடம் கட்டலாம் என்று உறுதியும் சொன்னார். ஆளைக் காட்டியதோடு நிறுத்திக்கொண்டேன் என்று இனி சொல்வது அவருக்குக் கஷ்டம். ஆனால் இதெல்லாம் சாட்சியத்தில் நிற்க வேண்டும். வாட்ஸ்அப் மெசேஜ், வாய்ஸ் நோட், கமிஷன் அனுப்பிய வங்கிக் கணக்கு எதையும் அழிக்காதீர்கள். போனை மாற்றினாலும் பழைய போனைப் பத்திரமாக வையுங்கள்.

இனி "வீடு கட்டலாம்" என்ற சொல்லுக்கு வருகிறேன். உங்கள் கேஸின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஒப்பந்தச் சட்டம் மௌனத்தையும் பொய்யையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. பேச வேண்டிய கடமை இல்லாதவர் பேசாமல் இருந்தால் அது மோசடி ஆகாது. தெரிந்தே பொய் சொன்னால் மோசடி. தெரியாமல், உண்மை என்று நம்பித் தவறாகச் சொன்னால் அது தவறான தகவல். மூன்றுக்கும் விளைவு வேறு வேறு. 19-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: தவறான தகவலாலோ, மோசடியான மௌனத்தாலோ நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தாலும், சாதாரண கவனத்தோடு விசாரித்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. எதிர்ப்பக்க வக்கீல் முதலில் எடுப்பது இதைத்தான். கரம் ரசீதில் 'நிலம்' என்று எழுதியிருக்கிறது, டேட்டா பேங்க் பொது ஆவணம், கிருஷி பவனில் (வேளாண்மை அலுவலகத்தில்) போய்க் கேட்டிருக்கலாமே என்பார். ஆனால் தெரிந்தே சொன்ன நேரடிப் பொய்க்கு இந்த விலக்கு பொருந்தாது. அதனால் அந்த வகை விவரம் புரோக்கருக்கு முன்பே தெரியுமா என்பதைக் காட்டுவதுதான் உங்கள் வேலை. அதே சர்வே நம்பரை வேறு யாருக்காவது காட்டி, அவர்கள் டேட்டா பேங்க் என்று சொல்லி விலகியிருந்தால், அந்த ஆள் உங்களுக்குத் தங்கம் போன்ற சாட்சி.

238-ஆம் பிரிவும் உங்கள் கையில் இருக்க வேண்டிய ஆயுதம். ஏஜெண்ட் தன் வேலையின் போக்கில் சொன்ன பொய், அவரை அனுப்பியவரே சொன்ன மாதிரி எடுத்துக்கொள்ளப்படும். புரோக்கர் ஓனருடைய ஆள் என்று எதிர்ப்பக்கம் சாதித்தால், அவர் சொன்ன பொய் ஓனர் தலையில் ஏறும். "நான் ஒன்றும் சொல்லவில்லை, அவன் சொன்னதற்கு நானா பொறுப்பு" என்று ஓனர் தப்பிக்க முடியாது. இது போக, சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவுப்படி விற்கிறவர் தனக்குத் தெரிந்த, வாங்குகிறவர் சாதாரண கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைகளைச் சொல்லியே ஆக வேண்டும். டேட்டா பேங்க் தடை அந்த வகைக் குறையா, அதைச் சாதாரண கவனத்தில் கண்டுபிடித்திருக்கலாமா என்பதில் இரண்டு பக்கமும் வாதம் உண்டு. அதை மட்டும் நம்பி வழக்குப் போட நான் சொல்ல மாட்டேன்.

நிலத்தின் கதை தெரியாமல் புரோக்கரின் பொய் எவ்வளவு பெரியது என்று புரியாது. கேரளாவின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் 2008 ஆகஸ்ட் 12-ல் அமலுக்கு வந்தது. அன்றைக்கு நெல்வயலாக இருந்த இடங்களைப் பஞ்சாயத்துவாரியாகப் பட்டியல் போட்டதுதான் டேட்டா பேங்க். வருவாய்க் கணக்கில் 'புரயிடம்' (வீட்டு மனை, மேட்டு நிலம்) அல்லது தோட்டம் என்று இருந்தால் கட்டடத்துக்கு இந்தச் சட்டம் குறுக்கே வராது. 'நிலம்' என்று இருந்து டேட்டா பேங்கில் இல்லாவிட்டால், 27ஏ பிரிவுப்படி ஆர்.டி.ஓ.விடமோ, அதற்கு அதிகாரம் பெற்ற டெபுடி கலெக்டரிடமோ வகை மாற்றம் கேட்கலாம். 50 சென்ட் வரைக்கும் படிவம் 6, அதற்கு மேல் படிவம் 7. அளவையும் இடத்தையும் பொறுத்துக் கட்டணம் வரலாம். 'நிலம்' என்றும் இருந்து டேட்டா பேங்கிலும் இருந்தால், முதலில் படிவம் 5 போட்டு அந்தப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். பட்டியலில் தவறாகச் சேர்ந்துவிட்டது, 2008-லேயே அது நெல்வயல் இல்லை என்று காட்டினால்தான் நீக்குவார்கள். அதற்குத் திருவனந்தபுரத்தில் உள்ள ரிமோட் சென்சிங் மையத்தின் பழைய செயற்கைக்கோள் படத்தைப் பார்ப்பதும் வழக்கம்.

சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பக்கம் மழை மறைவு நாடு. கடலை, தென்னை, கரும்பு என்று பல காலமாகப் புஞ்சைப் பயிர் ஓடிய இடங்கள்கூடக் கணக்கில் 'நிலம்' என்று கிடக்கின்றன. அவற்றில் சில டேட்டா பேங்கிலும் தவறாக ஏறியிருக்கின்றன. அதனால் உங்கள் இடத்தில் உண்மையிலேயே பழைய தென்னை நின்றிருந்தால் படிவம் 5-க்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. சட்டம் வந்த பிறகு வயலைத் தூர்த்துத் தென்னை வைத்திருந்தால் வாய்ப்புக் குறைவு. மரத்தின் வயதைக் கண்ணால் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் 2008-ல் அங்கே என்ன போட்டிருந்தார்கள் என்று கேளுங்கள், அவர் சொல்வார். "பஞ்சாயத்தில் 10 சென்ட் வரைக்கும் வயலிலும் வீடு கட்டலாம்" என்று இன்னொரு புரோக்கர் வசனம் உண்டு. வேறு இடம் இல்லாத வயல் உடமைக்காரர் தான் குடியிருக்க வீடு கட்டுவதற்கான சலுகை அது. இன்றைக்கு வயலாகவே விலைக்கு வாங்குகிறவர் அதை நம்பி வாங்கக் கூடாது.

மேலே சொன்னதை எல்லாம் அறிந்துகொள்ள ஒரு புரோக்கருக்கு வில்லேஜ் ஆபீஸில் ஒரு முற்பகல் போதும். இந்தத் தொழிலில் இருக்கிறவருக்கு 'நிலம்', 'புரயிடம்' வித்தியாசம் தெரியாது என்று சொன்னால் நம்ப முடியாது. சென்ட் விலையை நிர்ணயிப்பதே அதுதான். கடமை என்று பார்த்தால், எல்லையோரத்துப் புரோக்கருக்கு மற்ற ஊர்ப் புரோக்கரைவிடக் கூடுதலான பொறுப்பு இருக்கிறது என்பது என் கருத்து. சட்டம் அப்படி எழுதி வைக்கவில்லை, நான்தான் சொல்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து வருகிறவர் பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கம் பார்த்துப் பழகியவர். இங்கே தண்டப்பேர் (நிலவரிக் கணக்கு எண்), போக்குவரவு (பெயர் மாற்றம்), கைவசச் சான்று (அனுபவச் சான்று), முன்னாதாரம் (முந்தைய பத்திரம்) என்று எல்லாமே மலையாளத்தில் இருக்கும். அளவும் ஆர் கணக்கில் இருக்கும், 40 சென்ட் என்றால் 16.19 ஆர். வாங்குகிறவர் படிக்க முடியாத காகிதத்தைப் புரோக்கர்தான் படித்துச் சொல்கிறார். படித்துச் சொல்கிற வேலையை எடுத்துக்கொண்ட பிறகு, பாதகமான வரியை விட்டுவிட்டுப் படிப்பது வெறும் மௌனம் ஆகாது. கோர்ட்டிலும் இந்தக் கோணத்தில் வாதாடலாம். பேசினால்தான் உண்மை, பேசாமல் விட்டாலே பொய் என்று ஆகிற சந்தர்ப்பம் 17-ஆம் பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது.

நல்ல புரோக்கர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர், இடம் காட்டுவதற்கு முன்னால் கரம் ரசீது, ஈசி (வில்லங்கச் சான்று), முன்னாதாரம் மூன்றின் நகலையும் கொடுத்து, "உங்களுக்குத் தெரிந்த வக்கீலிடம் காட்டிவிட்டு வாருங்கள், அப்புறம் இடம் பார்க்கலாம்" என்பார். கமிஷன் யாரிடம் எவ்வளவு என்று இரண்டு பேரையும் வைத்துக்கொண்டே சொல்வார். ஓனர் தன் சொந்தக்காரர் என்றால் அதையும் சொல்வார். தண்ணீரைப் பற்றிக் கேட்டால் "போர் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்" என்பதற்கு மேல் பேச மாட்டார். பக்கத்துப் பெருமாட்டிப் பஞ்சாயத்துப் பிளாச்சிமடையில் நிலத்தடி நீருக்காக ஒரு குளிர்பானக் கம்பெனியை எதிர்த்து வருஷக்கணக்கில் போராட்டம் நடந்த நாடு இது. "600 அடியில் ஊற்று, கோடையிலும் குறையாது" என்று பார்த்த மாதிரிப் பேசுகிற புரோக்கரைக் கண்டால் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.

ஓனருடைய ஆளாக வேலை பார்க்கிற புரோக்கருக்கு விற்கிறவர் பக்கமும் கடமை இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. ஓனரின் அடிமட்ட விலையை வாங்குகிறவரிடம் கசிய விடக் கூடாது. வந்த விலையை எல்லாம் அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தனக்குப் பிடித்த பார்ட்டிக்காக நல்ல விலையை அமுக்கக் கூடாது. மச்சான் பேரில் அக்ரிமெண்ட் போட்டு, நாலு மாதத்தில் கை மாற்றி விடுவது இங்கே சாதாரணம். ஓனருக்குச் சொல்லாமல் புரோக்கர் இதைச் செய்தால், முக்கியமான விஷயத்தை நேர்மையில்லாமல் மறைத்தார் என்றோ தனக்கு நஷ்டம் என்றோ காட்டி, அந்த வியாபாரத்தையே தள்ளிவிட ஓனருக்கு 215-ஆம் பிரிவு உரிமை தருகிறது. உங்கள் அக்ரிமெண்டில் விற்கிறவர் என்று கையெழுத்துப் போட்டது கரம் கட்டுகிற ஓனர்தானா, இல்லை நடுவில் வேறு யாராவதா? பவர் வைத்து விற்கிறார்கள் என்றால் இன்னும் கவனம். பவர் பத்திரத்தாலேயே சொத்து கை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பணம் எப்படிக் கொடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பாங்க் வழியாக ஓனர் கணக்குக்குப் போயிருந்தால் நிம்மதி. ரொக்கமாகப் புரோக்கர் கையில் கொடுத்திருந்தால் சிக்கல் இரண்டு. ஓனர் "எனக்கு வரவில்லை" எனலாம். இன்னொன்று வருமான வரி: சொத்துக்கான அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது பொது விதி, வாங்கியவருக்கு அதே தொகை அபராதமாக வரலாம். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கொடுத்ததாகச் சொல்லி வழக்கு வந்தால் கோர்ட்டே வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. "ஃபேர் வேல்யூவுக்கே (அரசு வைத்த மதிப்புக்கே) ஆதாரம் (கிரயப் பத்திரம்) போடலாம், மீதி கையில்" என்று புரோக்கர் சொல்வதும் இதே வகைதான். கேரளாவில் முத்திரைக்கு 8, பதிவுக்கு 2 என்று 10 சதவீதம் போகிறதே என்ற வயிற்றெரிச்சல் எனக்கும் புரிகிறது. ஆனால் தகராறு வந்தால் காகிதத்தில் உள்ள தொகைக்குத்தான் நீங்கள் சண்டை போட முடியும். அந்த யோசனையைச் சொன்ன புரோக்கர் அன்றைக்குச் சாட்சிக் கூண்டுக்கு வர மாட்டார்.

இனி என்ன செய்யலாம்? அட்வான்ஸைப் பொறுத்தவரை, மோசடியைக் காட்ட முடிந்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்து முழுத் தொகையும் கேட்கலாம். காட்ட முடியாமல் நீங்களே விலகினாலும், ஓனர் 5 லட்சத்தையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது. 74-ஆம் பிரிவுப்படி நியாயமான நஷ்ட ஈடுதான் கிடைக்கும் என்பதையும், நஷ்டமே இல்லாத இடத்தில் அட்வான்ஸை விழுங்க முடியாது என்பதையும் 2015-ல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அக்ரிமெண்டில் அந்தத் தொகையை எந்தப் பெயரில், என்ன நிபந்தனையோடு எழுதியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இது மாறும். புரோக்கர் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்றால், கமிஷனுக்குச் செய்த சேவையில் குறைபாடு என்று 2 வருஷத்துக்குள் போகலாம். வெறும் நில விற்பனை சேவை இல்லை என்ற எதிர்வாதம் கட்டாயம் வரும். அந்த வாதம் ஓனருக்குப் பொருந்துகிற அளவுக்குப் புரோக்கருக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம், ஆனால் அடித்துச் சொல்ல மாட்டேன். போலீஸ் புகார் கடைசி. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டாவிட்டால் "சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதில் அவர்கள் மேல் தப்பும் இல்லை.

கமிஷன் பாக்கி இருந்தால் கொடுக்காதீர்கள். வேறு ஏற்பாடு பேசியிராவிட்டால் வேலை முடிந்த பிறகுதான் கமிஷன், ஆதாரம் பதிவாகாமல் வேலை முடியவில்லை. பாதி கொடுத்துவிட்டீர்கள் என்றால் அதைத் திருப்பிக் கேட்டு வக்கீல் நோட்டீஸிலேயே ஒரு பத்தி சேர்க்கலாம்.

இடம் உங்களுக்கு உண்மையிலேயே பிடித்திருக்கிறது, பழைய தென்னைதான் என்றால் விலகாமலும் ஒரு வழி இருக்கிறது. படிவம் 5-ஐயும் படிவம் 6-ஐயும் ஓனர் தன் பேரிலேயே போட்டு வாங்கித் தரட்டும், அதுவரைக்கும் கெடு நீளும், கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்பும் என்று ஒரு துணை ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். நேர்மையான ஓனர் இதற்கு ஒத்துக்கொள்வார். எதுவானாலும் அக்ரிமெண்டில் உள்ள கெடு தேதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அந்தத் தேதிக்கு முன்னால் உங்கள் ஆட்சேபணை வக்கீல் நோட்டீஸாக ஓனருக்கும் புரோக்கருக்கும் தனித்தனியாக ஸ்பீட் போஸ்டில் போயிருக்க வேண்டும். கெடு தாண்டினால், பணம் புரட்ட முடியாமல் நீங்கள்தான் பின்வாங்கினீர்கள் என்று அவர்கள் முந்திக்கொண்டு நோட்டீஸ் அனுப்புவார்கள்.